சாமானுக்கு மார்கழி இல்லை

கேட்டைச் சாத்திட்டு வாம்மா, மாடு பூந்துடும். விடியறதுக்கு முன்னாடி எழுந்து பனியில நின்னு போட்ட கோலம். நீ மிதிக்காம ஓரமா வந்தே பாரு, அதுவே பெரிசு. இந்தக் காலத்துல யார் கீழ பாத்து நடக்கறா? உக்காரு. அதுல வேணாம், அது ஆடும், இந்த நாற்காலில உக்காரு. பையைக் கீழ வை. யாரும் தூக்கிட்டு ஓடிட மாட்டாங்க.

போர்டைப் பாத்துட்டுத்தானே வந்தே? மாடி வாடகைக்குன்னு எழுதியிருக்கே, அதை நான் மாட்டலை. எங்க வீட்டுக்காரர் மாட்டினது. மார்கழி மாசத்துல எவனாவது வாடகைக்குன்னு போர்டு மாட்டுவானா, சொல்லு. அவருக்கு என்ன, ஆணியை அடிச்சிட்டு ஆபீஸ் போயிட்டாரு. வர்றவங்களுக்கு இல்லைன்னு சொல்ற வேலை எனக்கு. நேத்தி ஒரு பேங்க்காரர் வந்தாரு, அவரையும் தை பொறந்து வாங்கன்னு அனுப்பிட்டேன். உனக்கும் அதேதாம்மா. முகத்தைச் சுருக்காதே. வந்தது வந்துட்டே, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போ. வெயில்ல அலைஞ்சிருக்கே, உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு.

ஆன்ட்டியெல்லாம் வேணாம். அத்தைன்னும் வேணாம். சும்மா வாங்க போங்கன்னு பேசு, போதும். எனக்கு இந்த உறவுமுறையே ஆகறதில்லை இப்பல்லாம். ஏன்னு சொல்றேன்.

இங்க யுனிவர்சிட்டிக்கு நடுவுல மாறி வந்திருக்கேன்னு சொன்னேல்ல? ஹாஸ்டல்ல கேட்டா ஜூன் மாசமே ரூமெல்லாம் குடுத்தாச்சுன்னு கையை விரிச்சிட்டாங்க, அதானே? திங்கக்கிழமை கிளாஸுக்குப் போயாகணும், அதானே? நீ சொல்லவே வேணாம்மா, எனக்கு எல்லாம் மனப்பாடம். போன வருசம் இதே மார்கழியில, இதே மாதிரி ஒரு பையைத் தூக்கிக்கிட்டு, கோயமுத்தூர்ல ஏறாத படி இல்ல நான். என் பொண்ணுக்கு. சிவரஞ்சனின்னு பேரு. ஒரே பொண்ணு.

அவ படிச்ச காலேஜை இழுத்து மூடிட்டாங்க. ஒரு காலேஜ் மூடும்னு நீ கேள்விப்பட்டிருக்கியா? கடை மூடும், சினிமா கொட்டாய் மூடும். காலேஜ் மூடுமா? மூடிச்சு. பிள்ளைங்க சேரலையாம், வாத்தியாருங்களுக்குச் சம்பளம் குடுக்க முடியலையாம். ரெண்டாம் வருசம் பாதியில இருக்கற பிள்ளைங்களைக் கூப்பிட்டு, உங்களை வேற வேற இடத்துக்கு மாத்தி விடறோம், எங்க வேணும்னு கேட்டாங்க. இதோ, தஞ்சாவூர்லயே இடம் கெடைச்சது. வீட்டுலேர்ந்து டவுன் பஸ்ல போயிட்டு வரலாம். மாடியில அவளுக்குன்னு ரூம் கட்டி வெச்சிருக்கு, ஃபேன் போட்டு, கண்ணாடி அலமாரி வெச்சு. மாட்டேன்னுட்டா. அவ படிக்கற ஜவுளிப் படிப்பு கோயமுத்தூர்லதான் ஒழுங்கா இருக்காம். ஏண்டி, துணியைப் பத்தி இங்க படிச்சா அது கிழிஞ்சிடுமான்னு கேட்டேன். அவ சிரிக்கலை. அவங்க அப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு. நான் நாலு நாள் யார்கூடயும் பேசலை. ஆனா வீடு பாக்கப் போகணும்னதும் முதல் ஆளா நான்தான் பையை எடுத்தேன், அதையும் சொல்லணும்ல.

கேளு, இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. கார்த்திகை கடைசிக்குள்ள போய் ஒரு வீட்டைப் பிடிச்சு, ஒரு சொம்பு பாலைக் காய்ச்சிப் பொங்க விட்டுட்டோம்னா முடிஞ்சுது. அப்புறம் மார்கழியில எப்ப வேணாலும் சாமானை ஏத்திக்கலாம், ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது. நானும் அப்படித்தான் திட்டம் போட்டேன். பால் பாத்திரம்கூட புதுசா எடுத்து வெச்சிருந்தேன். அந்த மாத்தல் ஆர்டர் வரணுமே! இன்னிக்கு வரும் நாளைக்கு வரும்னு இழுத்து, மார்கழி பொறந்து ரெண்டாம் நாள் வந்தது. என் நேரம்.

கோயமுத்தூர்ல நாங்க பாத்த வீடுங்களைச் சொல்லட்டுமா? ஒரு வீட்டுல ஓனர் பையன் அமெரிக்காவுலேர்ந்து போன்ல என்கிட்ட கேள்வி கேக்கறான். உங்க பொண்ணு போன்ல சத்தமா பேசுவாளா, பாட்டு கேப்பாளான்னு. நான் சொன்னேன், தம்பி, மூச்சு விடுவா, பரவாயில்லையான்னு. போனை வெச்சுட்டான். இன்னொரு வீட்டுல மத்தியானம் குழாயைத் திறக்கக்கூடாது, மொட்டை மாடியில துணி காயப்போடக்கூடாது. பெண் பிள்ளைங்க ஹாஸ்டல்னு தனியார்ல இருக்கே, அங்க போனா ஒரு ரூம்ல ஆறு கட்டில். நடுவுல நடக்க இடமில்லை, கட்டில் மேல ஏறித்தான் கட்டிலுக்குப் போகணும். ரஞ்சனி சரிங்கறா. நான்தான் இழுத்துக்கிட்டு வந்தேன். அவ அதுக்கும் சேத்து என்னை முறைச்சா. எல்லா இடத்துலயும் பேசி முடிச்சு கடைசியில ஒரு வார்த்தை கேப்பாங்க பாரு, "எப்பங்க குடி வர்றீங்க?" நாளைக்கே வர்றோம்னு சொன்னதும் மூஞ்சி மாறும். மார்கழியா, ஐயையோ, ஆகாதுங்க. போர்டு மட்டும் தொங்கும். ஏன்யா, தை மாசம்தான் குடுப்பேன்னா போர்டையும் தை மாசம் மாட்ட வேண்டியதுதானே! வயித்தெரிச்சலா இருக்காது?

நீ காபியைக் குடி, ஆறுது.

அப்புறம் ஒரு வீடு. வெள்ளியங்கிரின்னு அந்தாளு பேரு. ரைஸ் மில் வெச்சிருந்து வித்துட்டாராம். நல்ல வீடு, யுனிவர்சிட்டிக்கு நடந்து போற தூரம், தனி வாசல், ஜன்னலுக்கு நேரா கொய்யா மரம். அவரும் தங்கமான மனுசன். தண்ணி குடுத்தாரு, நெல்லிக்கா குடுத்தாரு. "புள்ளைக்கு ஒண்ணும் பயமில்லீங்க, எங்க வீட்டுப் புள்ளையாட்டம் பாத்துக்கறோம்" அப்படின்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. மூணு நாளா வெயிட்டிங் ரூம்லயும் தெரிஞ்சவங்க வீட்டுலயும் மாத்தி மாத்திப் படுத்து இடுப்பு விட்டுப் போயிருந்தது. சாவியை எடுக்க உள்ள போனவரு, சாவியோட வரலை. "அட, மார்கழி பொறந்துருச்சுங்களே! நானு மறந்தே போனேன்" அப்படின்னு நெத்தியைத் தடவிக்கிட்டு வர்றாரு.

கெஞ்சினேன்மா. நான் யார்கிட்டயும் கெஞ்சினது கிடையாது. என் கல்யாணத்துல சீர் குறைஞ்சுதுன்னு பேச்சு வந்தப்பக்கூட எங்கப்பா கெஞ்சினாரே தவிர நான் நிமிர்ந்துதான் நின்னேன். அந்தாளுகிட்ட கெஞ்சினேன். அவரும் பாவம், ரொம்ப யோசிச்சு ஒரு வழி சொன்னாரு. "ஒண்ணு பண்ணுங்க. சாமான வேண்ணா வெச்சுட்டுப் போங்க. புள்ள தை ஒண்ணாந்தேதி வந்துரட்டும்."

ஏங்க, சாமானுக்கு மார்கழி இல்லையான்னு கேட்டேன். பட்டுனு வாயில வந்துடுச்சு. அதுக்கு அவரு சிரிக்காமச் சொல்றாரு, "சாமான் பால் காய்ச்சாதுங்களே."

பாத்தியா நியாயத்தை! பொட்டி உள்ள இருக்கலாம். பொட்டிக்குள்ள இருக்கற பாவாடை இருக்கலாம். அதைக் கட்டறவ மட்டும் ரோட்டுல நிக்கணும். மனுசனா மாடான்னு இருக்கு. அப்ப ரஞ்சனி என்ன பண்ணினா தெரியுமா? ஒரு வார்த்தை பேசலை. குனிஞ்சு ஒரு பையை இந்தத் தோள்ல போட்டா, இன்னொண்ணை அந்தக் கையில எடுத்தா, நடந்துட்டா. நன்றிங்கன்னுகூடச் சொல்லலை. எனக்கு அந்த நேரத்துல அவ மேல வந்த கோவம் இருக்கே! ரெண்டு வார்த்தை நல்லபடியாப் பேசியிருந்தா அந்தாளு மனசு இளகியிருக்கும்னு இன்னிக்கும் நெனைக்கறேன். அவ முதுகையே பாத்துக்கிட்டுப் பின்னாடியே ஓடினேன். திரும்பியே பாக்கலை.

முக்குல ஒரு பேக்கரி. அந்த ஊர்ல திரும்பின பக்கமெல்லாம் பேக்கரிதானே. அதுக்கு வெளிய பையைப் போட்டு அது மேலயே உக்காந்துட்டா. நானும் உக்காந்தேன். அழுகை வந்துடுச்சு. அவ அழலை, நான்தான் அழுதேன். அங்க ஒரு பொம்பளை நின்னு டீ குடிச்சுக்கிட்டு இருந்தா. ஆறடி இருப்பா. கிராப்பு வெட்டின தலை, ஆம்பளைங்க மாதிரி கட்டை வாட்ச். எங்களையே பாத்தா. டம்ளரை வெச்சுட்டு நேரா வந்தா. "ஏனுங்க, எந்தூருங்க? பஸ்ஸுக்கு உக்காந்த மாதிரி தெரியலியே?"

நான் சட்டுனு எழுந்து நின்னுட்டேன். அந்தக் குரலே அப்படி. அப்புறம்தான் தெரிஞ்சது, போலீஸ்ல ஏட்டா இருந்து ரிட்டயர்டு ஆனவளாம். தெய்வானைன்னு பேரு. புருசன் இல்ல, பிள்ளை இல்ல, தனி வீடு. நான் ஒண்ணுமில்லைங்கன்னேன். ரஞ்சனி எல்லாத்தையும் சொல்லிட்டா. என்கிட்ட நாலு நாளா நாலு வார்த்தை பேசாதவ, வழியில போற போலீஸ்காரிகிட்ட காலேஜ் மூடினதுலேர்ந்து கொய்யா மரம் வரைக்கும் கொட்டிட்டா.

அந்தம்மா கேட்டுட்டு என்ன சொன்னா தெரியுமா? "மார்கழீல குடிதானுங்க வரக்கூடாது. ஒரம்பரை வந்தா ஆவாதுன்னு எவன் சொன்னான்?" ஒரம்பரைன்னா அந்தப் பக்கம் விருந்தாளி. வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களை அப்படிச் சொல்றாங்க. "வா கண்ணு, தை பொறக்கற வரைக்கும் நீ என்ற வீட்டு ஒரம்பரை. தை ஒண்ணு பால் காய்ச்சி முறைப்படி குடி வந்துக்கோ." சொல்லிட்டு ரஞ்சனி கையிலேர்ந்து பெரிய பையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு முன்னாடி நடக்கறா. நாங்க ரெண்டு பேரும் பின்னாடி நடக்கறோம். கைதி மாதிரி போறோம்.

நல்ல வழிதானேன்னு நீ நெனைப்பே. எல்லாரும் அதான் சொல்றாங்க. எங்க வீட்டுக்காரர் கை கொட்டிச் சிரிச்சாரு, என்னா மூளைன்னு. எனக்கு மட்டும்தான் உறுத்திச்சு. நான் வாடகையை எடுத்து நீட்டினேன், வாங்கமாட்டேன்னுட்டா. "ஒரம்பரைகிட்ட வாடகை வாங்கினா என்ற மானம் போயிருமுங்க" அப்படின்னு கையை மடக்கி என் பக்கமே தள்ளிட்டா. அங்கதாம்மா பிடிச்சுது சனி. வாடகை வாங்கியிருந்தான்னா அவ வீட்டுக்காரி, இவ குடியிருக்கறவ. மாசம் பொறந்தா பணம், மத்தபடி நீ யாரோ நான் யாரோ. அதுதானே ஒழுங்கு? இலவசமா ஒரு மாசம் உக்கார வெச்சு சோறு போட்டா என்ன ஆகும்? நானே கேக்கறேன், என்ன ஆகும்? ஒட்டிக்கும்ல?

ஒட்டிக்கிச்சு.

பொங்கலுக்கு முதல் நாள் அந்தம்மா போன் பண்றா. போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து கூப்பிடற மாதிரியே. "அக்கா, தெய்வானை பேசறனுங்க. நாளைக்குக் காலையில பால் காய்ச்சறோம். பாலு சொல்லி வெச்சிருக்கேன். நீங்க வந்தாத்தான் ஆகும், வந்துருங்க." என் பொண்ணு பால் காய்ச்சறதுக்கு என்னை அவ அழைக்கறா! நான் என்ன மூணாம் மனுசியா? எனக்கு இங்க பொங்கல் இருக்குங்கன்னு சொல்லி போனை வெச்சுட்டேன். கொஞ்ச நேரம் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், மறுபடி வரலை. அப்புறம் ரஞ்சனி கூப்பிட்டா, அம்மா வரியான்னு. வரலைடின்னேன். சரிம்மான்னுட்டா. அவ்வளவுதான். சரிம்மாவாம். எல்லாரும் ஒரு தடவையோட விட்டுட்டாங்க. புதுசா எடுத்து வெச்ச பால் பாத்திரம் அட்டைப் பெட்டியோட இன்னும் பரண்ல கெடக்கு.

பால் கிழக்குப் பக்கம் பொங்கிச்சாம். போட்டோ அனுப்பினா. போட்டோவுல இவ அடுப்புக்கு முன்னாடி நிக்கறா, அந்தம்மா பின்னாடி நிக்கறா, தோள் மேல கையை வெச்சுக்கிட்டு. அம்மா நிக்க வேண்டிய எடம் அது. என்னை விட்டுட்டுப் பால் காய்ச்சினாங்கம்மா. இதை யார்கிட்ட சொன்னாலும் நீதானே போகலைங்கறாங்க. எங்க வீட்டுக்காரரும் அதான் சொல்றாரு. அழைச்சா உடனே ஓடிடணுமா? அழைக்கறதுக்கும் ஒரு விதம் இருக்குல்ல?

அதுலேர்ந்து ஒரு வருசம். இப்ப அவ எப்படிப் பேசறா தெரியுமா? என்கிட்ட, பெத்தவகிட்ட, "செரிங்கம்மா"ங்கறா. செரிங்கம்மா! கேட்டா சிரிக்கறா, பழக்கம் வந்துருச்சுங்களேங்கறா. அரிசியும் பருப்பும் ஒண்ணாப் போட்டுக் கிண்டின சோறு ஒண்ணு இருக்கே அந்தப் பக்கம், அதுதான் உசத்தியாம். நம்ம வீட்டு முருங்கைக்கா சாம்பாரை ஒரு கரண்டிக்கு மேல ஊத்திக்கறதில்லை. லீவுக்கு வந்தா ரெண்டு நாள் இருப்பா. வரும்போது ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கிட்டு வர்றா. பெத்த வீட்டுக்கு யாராவது ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டு வருவாங்களா? சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வெச்சுட்டு, அம்மா நீ உக்காருங்கறா. ஒரம்பரையாப் போனவ அங்க வீட்டுக்காரி ஆயிட்டா. இங்க ஒரம்பரை ஆயிட்டா.

நேத்தி போன். இந்தப் பொங்கலுக்கு வரமாட்டாளாம். அந்தம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்புல அடியாம், பக்கத்துல ஆள் வேணுமாம். ஏண்டி, அந்த ஊர்ல உன்னை விட்டா ஆளே இல்லையான்னேன். யாரும்மா இருக்காங்க அவங்களுக்குன்னா. அப்ப எனக்கு யார் இருக்கான்னு கேட்டிருக்கணும். கேக்கலை. வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிட்டேன். வெக்கறதுக்கு முன்னாடி சொல்றா, "மாடி ரூமை வாடகைக்கு விட்டுருங்கம்மா, சும்மா பூட்டி வெச்சு என்ன பண்றது." அவளே சொல்லிட்டா. அவ ரூம். அவளே சொல்லிட்டா. பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்த மனுசன் காலையில ஆணியைத் தேடி எடுத்து போர்டு மாட்டிட்டாரு. முன்னாடியே எழுதி வெச்சிருப்பாரு போல.

இல்ல, நேத்தி பேங்க்காரர் வந்தாருன்னேனே, அது பொய். போர்டு இன்னிக்குத்தான் மாட்டினது. நீதான் முதல்ல வந்திருக்கே. யாரோ ஒருத்தருக்கு முன்னாடியே இல்லைன்னு சொல்லிட்டேன்னு சொன்னா உனக்கும் இல்லைன்னு சொல்ல லேசா இருக்கும்னு பாத்தேன்.

என்ன? நீயும் அப்படியே வரலாமான்னா? விருந்தாளியாவா? சொல்லி முடிக்கறதுக்குள்ள பிடிச்சுக்கிட்டியே! அதெல்லாம் அந்த ஊரு வழக்கம்மா, இங்க எடுபடாது. இவ்வளவு நேரம் தொண்டைத் தண்ணி வத்த என்னத்தைச் சொன்னேன் உனக்கு? அது நல்ல வழி இல்லைன்னு சொல்றதுக்குத்தானே சொன்னேன். மார்கழின்னா மார்கழிதான். எங்க மாமியார் காலத்துலேர்ந்து இந்த வீட்டுல மார்கழியில ஒரு துரும்பு புதுசா உள்ள வந்ததில்லை. நீ ஒண்ணு பண்ணு. பையை வேணா வெச்சுட்டுப் போ. கனமா இருக்கும்போல, தூக்கிக்கிட்டு ஏன் அலையணும்? கீழ் ரூம்ல பத்திரமா இருக்கும். நீ தை ஒண்ணு வந்துடு, சாவியைக் கையில குடுத்துடறேன். அதுவரைக்கும் ரயில்வே ஸ்டேஷன்ல லேடீஸ் வெயிட்டிங் ரூம் இருக்கு, ரெண்டு மூணு நாள் ஓட்டிடலாம், நாங்களே ஓட்டினோம். அதுக்குள்ள தெரிஞ்சவங்க யாராவது...

ஏய். ஏம்மா. எங்க எழுந்துட்டே? காபி அப்படியே இருக்கு. பையை ஏன் எடுக்கறே, வெச்சுட்டுப் போன்னுதானே சொன்னேன். கோவிச்சுக்கிட்டியா? ஒரு வார்த்தை பேசேன். அந்தத் தோள்ல ஒண்ணு, இந்தக் கையில ஒண்ணு... அவளும் இப்படித்தான் எடுத்தா. இதே மாதிரி, வாயே திறக்காம. நில்லும்மா. கோலத்தை மிதிக்காதே... சரி, மிதிச்சாலும் பரவாயில்ல, நில்லு. என்னால ஓடி வர முடியாது, முட்டி வலி. நில்லுன்னு சொல்றேன்ல!

வா. உக்காரு. மூச்சு வாங்குது எனக்கு.

இதோ பாரு, நல்லாக் கேட்டுக்கோ. விருந்தாளி கிந்தாளி எல்லாம் கிடையாது. அந்தப் பேச்சே இந்த வீட்டுல வேணாம். இன்னிலேர்ந்தே வாடகை குடுத்துடணும். முழுசா. சாப்பாடு நீ தனியா ஆக்கிக்கணும். சாம்பார் கேட்டா ஒரு கிண்ணம் குடுப்பேன், அதுக்கு மேல ஒட்டிக்கிட்டு உக்காரக்கூடாது. லீவு விட்டா அன்னிக்கே உங்க ஊருக்குப் பஸ் ஏறிடணும். இங்க இருக்கேன் அங்க வரலைன்னு உங்க அம்மாகிட்ட நீ ஒரு நாள் சொன்னதாத் தெரிஞ்சுது, அன்னிக்கே பையைத் தூக்கி வெளிய வெச்சுடுவேன். உன்னைப் பெத்தவளுக்கு அந்தப் பாவத்தை நான் பண்ணமாட்டேன்.

மார்கழியா? இருந்துட்டுப் போகட்டும். மாமியார் வந்து கேக்கவா போறாங்க? முறையா பால் காய்ச்சியே குடி வா. நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே, அன்னிக்கே காய்ச்சிடலாம். ஒரே ஒரு கண்டிசன்தான். பாலை நீ காய்ச்சக்கூடாது, நான் காய்ச்சமாட்டேன். உங்க அம்மா வரணும். அவங்க கையால பொங்கணும். அந்த எடத்துல வேற யாரும் நிக்கக்கூடாது. பரண்ல புதுப் பாத்திரம் இருக்குன்னேனே, நீதான் ஏறி எடுக்கணும், எனக்கு ஸ்டூல்ல ஏற முடியாது. உங்க ஊர் எது, சின்னமனூரா? ராத்திரி பஸ் ஏறினா விடியும்போது இங்க. கூப்பிடு உங்க அம்மாவை.

என்ன, வரமாட்டாங்களா? ஏன், உடம்பு சரியில்லையா?

ஓ. நீ மாறி வந்தது பிடிக்கலையா? பக்கத்துலயே படின்னாங்களா? கோவமா? பேசறதே இல்லையா?

என்ன பொம்பளை அவ! நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதே. பொண்ணு ஒண்டியா பையைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா நிக்குது, இதுல இவங்களுக்குக் கோவம் ஒரு கேடா? படிக்கத்தானே வந்திருக்கே, ஓடியா வந்துட்டே? பிடிக்கலைன்னா வீட்டுல வெச்சுத் திட்டிக்கணும். வீடு பாத்து பால் காய்ச்சற அன்னிக்கு வரமாட்டேன்னு உக்காந்திருந்தா யாருக்கு நட்டம்? அப்புறம் காலம் பூரா போட்டோவைப் பாத்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கணும். இதெல்லாம் அவங்களுக்கு யார் எடுத்துச் சொல்றது? குடு போனை. நான் பேசறேன். உன் பேரு என்ன, இவ்வளவு நேரம் கேக்கவே இல்ல பாரு. பாண்டீஸ்வரியா? சரி, போடு.

ரிங் போகுது.

அலோ, பாண்டீஸ்வரி அம்மாவா? நான் தஞ்சாவூர்லேர்ந்து பேசறேங்க. உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்க பொண்ணு நல்லாத்தான் இருக்கா, பயப்படாதீங்க, என் முன்னாடிதான் இருக்கா. எங்க வீட்டு மாடிக்குத்தான் குடி வர்றா. ஞாயித்துக்கிழமை காலையில பால் காய்ச்சறோம். பால் சொல்லி வெச்சுடறேன். நீங்க வந்தாத்தான் ஆகும், வந்துடுங்க. இல்லைங்க, நான் சொல்றதைக் கேளுங்க. வேலை இருக்கும், எல்லாருக்கும்தான் வேலை இருக்கு. அது இல்லைங்க...

அலோ? அலோ?

வெச்சுட்டாங்கம்மா.

சீ, கண்ணைத் துடை. அழறதுக்கு என்ன இருக்கு இதுல? மறுபடியும் போடு. போன் பக்கத்துலயேதான் உக்காந்திருப்பாங்க. ஒரு தடவை வெச்சுட்டா அதோட விட்டுடறதா? ரெண்டாம் தடவை கூப்பிட்டா வந்துடுவாங்க, எனக்குத் தெரியும். நீ போடு.